தோழமை ஊழியம்

கல்லூரி என்பது பாடஞ் சொல்லும் இடம் மட்டுமன்று. பதினேழு, பதினெட்டு ஆண்டுப் பருவத்திலே பெற்றோரையும் பழகிய ஊரையும் விட்டு வந்து, முன்பின் அறியாத பலரோடு ஒரே கூரையின்கீழ் உண்டும் உறங்கியும் சில ஆண்டுகள் கழிக்கும் இடமும் அதுவே. அவ்வாண்டுகளில் மாணாக்கர் உள்ளத்தில் எழும் ஐயங்களும் அச்சங்களும் வகுப்பறையில் வெளிப்படுவன அல்ல. விடுதி அறையில், விளக்கணைந்த பின்னர் வெளிப்படுவன. அவற்றைக் கேட்கும் செவி யாருடையது என்னும் வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிறிஸ்தவக் கல்லூரிகளிலே இப்பொறுப்பினைச் சாப்ளின் எனப்படும் குருவானவரிடம் ஒப்புவித்திருப்பது நெடுநாள் வழக்கம். வழக்கம் நல்லதே. ஆயினும் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். மூவாயிரவர் பயிலும் கல்லூரி ஒன்றில் சாப்ளின் ஒருவர் ஒவ்வொரு மாணாக்கருக்கும் பத்தே நிமிடம் ஒதுக்குவாராயின், அதற்கு 500 மணி நேரம் வேண்டும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என வகுத்தால் 125 நாட்கள் செல்லும். ஆண்டின் கல்லூரி நாட்களுள் பெரும்பகுதி, ஒவ்வொருவரையும் ஒரேயொரு முறை, பத்து நிமிடம் காண்பதிலேயே கழிந்துவிடும். துன்பமோ முறை வைத்துக்கொண்டு வருவதன்று. ஆதலின் இவ்வூழியத்தில் மாணாக்கர் பங்கு கொள்ளுதல் விரும்பத்தக்கது என்பதோடு அமையாது, இன்றியமையாதது என்றே சொல்லல் வேண்டும்.

சொல்லின் வரலாறு

‘சாப்ளின்’ என்னும் சொல் பிறந்த வரலாறு இக்கருத்துக்கு அரண் செய்வது. இலத்தீன் மொழியில் ‘கப்பா’ என்பது மேலாடை. ‘கப்பெல்லா’ என்பது சிறு மேலாடை. நான்காம் நூற்றாண்டில் உரோமப் படையில் வீரராயிருந்த மார்ட்டின் என்னும் இளைஞர், இன்று பிரான்சு நாட்டிலுள்ள ஆமியேன் நகரத்து வாயிலில், கடுங்குளிரில் ஆடையின்றி நடுங்கிய இரவலன் ஒருவனைக் கண்டு, தம் மேலாடையை வாளால் இரு கூறாக்கி, ஒரு கூற்றினை அவனுக்கு ஈந்தார் என அவர் வரலாறு கூறும். பின்னாளில் அவர் தூர் நகரத்துப் பேராயரானார். அவர்தம் ஆடையெனப் பிராங்கிய மன்னர் போற்றி வைத்த பொருளைக் காத்த குருமார் ‘கப்பெல்லானி’ எனப் பெயர் பெற்றனர். அச்சொல்லே திரிந்து ‘சாப்ளின்’ ஆயிற்று. ஆடை வைத்த இடத்தின் பெயர் திரிந்து ‘சாப்பல்’ ஆயிற்று.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ஆடையைப் பகிர்ந்த அன்று மார்ட்டின் குருவானவர் அல்லர். ஞானஸ்நானம் பெற்றவரும் அல்லர். நம் வயதை ஒத்த இளைஞராகவே அவரை அவ்வரலாறு காட்டுகிறது. பெரியதோர் ஊழியத்திற்குப் பெயராய் அமைந்த செயல், பட்டமும் பதவியும் இல்லாத இளைஞர் ஒருவரின் செயலே. எனவே, ‘ஆன்ம ஊழியம் குருவானவர்க்கே உரியது, நமக்கென்ன?’ என்பார்க்கு அச்சொல்லின் பிறப்பே விடையாக நிற்கின்றது.

முன்னோர் சென்ற நெறி

வரலாற்றை நோக்குவோமாயின், மாணாக்கரும் இளைஞரும் தமக்குத் தாமே துணையாகி நின்ற செய்திகள் பலவாகக் காணப்படும். 1729ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்திலே சார்லஸ் வெஸ்லி தம் நண்பர் சிலரோடு கூடிப் படிக்கவும் ஜெபிக்கவும் தொடங்கினார். அவர்தம் தமையனார் ஜான் வெஸ்லி அக்கூட்டத்திற்குத் தலைவரானார். அடுத்த ஆண்டில், வில்லியம் மார்கன் என்னும் நண்பரது தூண்டுதலால், அவர்கள் ஆக்ஸ்போர்டுக் கோட்டையிலிருந்த சிறைவாசிகளைக் காணச் சென்றனர். உடன் பயின்றோர் அவர்களை எள்ளி நகையாடிப் பெயர்கள் பல இட்டனர். அவ்வாறு இட்ட பெயர்களுள் ஒன்றாகிய ‘மெதடிஸ்டு’ என்பதே பின்னர்ப் பெரியதொரு திருச்சபையின் பெயராய் நிலைத்தது.

நம் சென்னை மாநகரும் இவ்வரலாற்றில் இடம் பெறுகின்றது. 1789ஆம் ஆண்டில் எழும்பூரில் அமைந்த ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல் என்னும் குருவானவர், இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்து, அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் அதற்கு இசையாமையால், சிறுவர்க்குச் சற்றே மூத்த சிறுவரைக் கொண்டு கற்பித்தார். அதனால் விளைந்த நன்மையைக் கண்டு 1797இல் நூலும் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்ற அது இங்கிலாந்து நாட்டில் பல பள்ளிகளில் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை அறிந்தோர்க்கு இஃது ஒன்றும் புதிதன்று. ஒரு முடிச்சினை நேற்று அவிழ்த்தவனே, இன்று அதில் சிக்கியவனுக்கு எளிதில் வழிகாட்ட வல்லான் என்பது இதன் உட்கருத்து.

1844ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்துத் துணிக்கடையொன்றில் பணி செய்த ஜார்ஜ் வில்லியம்ஸ் தம் தோழரோடு கூடி ஒய்.எம்.சி.ஏ. என்னும் வாலிபர் சங்கத்தைத் தோற்றுவித்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. சிற்றூர்களிலிருந்து பிழைப்பு நாடி வந்து, துணையின்றி வாடிய இளைஞர்க்குப் புகலிடமாக எழுந்தது அச்சங்கம். திருநெல்வேலிச் சீமையிலே வெள்ளாளன்விளையில் தோன்றிச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற வே. ச. அசரியா அவர்கள் இச்சங்கத்தின் ஊழியராகவே தம் தொண்டினைத் தொடங்கினார்கள். அவர்கள் 1910இல் எடின்பரோ நகரத்து உலக மிஷனரி மாநாட்டில், மேல்நாட்டார் இந்தியத் திருச்சபைக்குச் செய்த தியாகங்களை நன்றியோடு எடுத்துரைத்து, அவற்றோடு நட்பையும் தருமாறு வேண்டினார்கள். கொடையினும் நட்பு அரியது என்பதை அவையறிய உணர்த்திய அவ்வுரை இன்றளவும் நினைக்கப்படுகின்றது. இரண்டாண்டுகள் கழித்து, 1912இல், அவர்கள் தோர்ணக்கல்லின் பேராயரானார்கள். இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே.

இவையனைத்தினும் நம் பொருளுக்கு நெருங்கியது ஒன்றுண்டு. 1953ஆம் ஆண்டில் இலண்டனில் சாட் வாரா என்னும் குருவானவர், தற்கொலை எண்ணத்தால் வருந்துவோர் தம்மைத் தொலைபேசியில் அழைக்கலாம் என அறிவித்தார். வந்தோர் பலராயினர், காத்திருந்தோர்க்குத் தேநீர் கொடுத்து உடனிருந்து பேசச் சாதாரண மக்கள் சிலர் முன்வந்தனர். நாள் செல்லச் செல்ல வியத்தகு செய்தி ஒன்று புலனாயிற்று. உடனிருந்தோரிடம் தம் துயரைச் சொல்லி ஆறிய பலர், குருவானவரைக் காணும் தேவையின்றியே திரும்பினர். ஆகவே அவர் 1954ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அப்பணியை அத்தொண்டர்களிடமே ஒப்புவித்தார். ‘சமாரியர்’ என்னும் அவ்வமைப்பு இவ்வாறு வளர்ந்தது. சென்னையில் 1986 முதல் இத்தகு தொண்டினைச் செய்து வருவது ‘சிநேகா’ என்னும் நிறுவனம். குருவானவர் காத்திருப்பு அறைக்குத் தோற்ற இடம் இது. தோற்றதால் ஊழியம் வென்றது.

செய்தற்குரியன

இனி, கல்லூரியில் மாணாக்கர் செய்தற்குரியன யாவை என ஆராய்வோம்.

முதலாவது, வழிபாடு. வேத வாசிப்பு, பாடல், ஜெபம் ஆகியவற்றில் மாணாக்கர் முறையே பங்கு கொள்வது பெரும்பாலும் நடைபெறுவதே. குரலினிமை உடையார் சிலரே ஆண்டு முழுதும் முன்னிற்றலை விடுத்து, கூச்சமுடையாரையும் கைப்பற்றி அழைத்து வருதல் நலம்.

இரண்டாவது, புதியோரை வரவேற்றல். சிற்றூரிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் நிகழும் வகுப்பில் ஒன்றும் விளங்காது திகைத்திருக்கும் மாணாக்கருக்கு முதல் மூன்று வாரங்கள் மூன்று யுகங்கள். பகடிவதையைத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்தது. அச்சட்டம் கொடுமையை விலக்கும், நட்பினை உண்டாக்காது. அதனை உண்டாக்குவது, உணவு விடுதியில் தனித்து அமர்ந்தவன் அருகில் தட்டோடு சென்று அமரும் ஒரு மாணாக்கனால் இயலும்.

மூன்றாவது, நோயுற்றாரையும் துயருற்றாரையும் காணுதல். காய்ச்சலில் கிடப்பவர்க்குக் கஞ்சி கொண்டு செல்லுதலும், மருத்துவமனையில் இரவு துணையிருத்தலும், இழவு நேர்ந்த வீட்டிற்குச் சென்று துக்கம் விசாரித்தலும் இதன்பாற்படும். எம் விடுதியில் நண்பரொருவர் தம் தந்தையாரை இழந்தபோது, யாங்கள் அறுவர் பேருந்து ஏறி அவர் ஊருக்குச் சென்று வந்தோம். ஆங்கு யாம் பேசிய சொற்கள் மிகச் சில. திங்கள் பல கழிந்த பின்னும் அந்நண்பர் சொல்வது எம் சொற்களைப் பற்றியன்று. யாம் வந்ததைப் பற்றியே.

நான்காவது, செவி சாய்த்தல். நான்கினுள்ளும் அரியது இது. ஆதலின் இதனைச் சற்று விரித்துரைப்பாம்.

செவி சாய்த்தல்

2022ஆம் ஆண்டில் இந்நாட்டில் தற்கொலையால் மாண்ட மாணாக்கர் 13,044 பேர் எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டிற்று. நாளொன்றுக்கு முப்பத்தைவர்க்கு மேல். தேர்வுத் தோல்வி, வீட்டுக் கலகம், காதல் முறிவு, கடன், சாதியின் பெயரால் நேரும் இழிவு என அவர்தம் துயர்க்குக் காரணங்கள் பல. ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பன. ஒரு காரணத்தையே சுட்டி ஒரு மரணத்தை விளக்கிவிடல் இயலாது. ஆயினும் துயரைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தல் பெருந்துணை என்பதில் ஐயமில்லை.

கேட்பது எங்ஙனம்? தமிழ் பயில்வோர்க்கு இதற்கு வழிகாட்டி நம் இலக்கியத்திலேயே உண்டு. கோவை நூல்களிலே பாங்கற்கூட்டம் என்றொரு பகுதி வரும். தலைவன் மெலிந்து வாடியிருத்தலைக் கண்ட தோழனாகிய பாங்கன், உனக்கு உற்றது யாது என முதலில் வினவுகிறான்; தலைவன் உரைக்கின்றான். உடனே பாங்கன் ‘நின் பெருமைக்கு இது தகுமோ’ எனும் கருத்துப்படக் கடிந்துரைக்கின்றான்; இதற்குக் கழறல் என்று பெயர். அக்கழறலால் பயன் விளையவில்லை. தலைவன் அதனை மறுக்கின்றான். தன் வலியழிந்தமை கூறுகின்றான். அதன் பின்னரே பாங்கன் அவனோடு தானும் நொந்து, அவன் துன்பத்தின் மெய்ம்மையை உணர்ந்து, அவள் இருப்பிடம் யாது, இயல்பு யாது எனக் கேட்டு உதவப் புறப்படுகின்றான். திருக்கோவையாரின் துறைகள் இவ்வாறே வரிசைப்பட்டு நிற்கின்றன. பொருள் காதலேயாயினும், துயருற்றான் ஒருவனுக்கு நண்பன் துணையாகும் படிகள் இவற்றில் தெளிவுற விளங்குகின்றன: வினவுதல், கேட்டல், உடன் நோதல், உதவுதல். இடையே புகுந்த கழறல் ஒன்றே வழியைத் தடுத்தது.

வேதாகமத்தில் யோபுவின் நண்பர் மூவர் செய்தியும் இதனையே உணர்த்தும். அவர்கள் யோபுவின் துயரம் மிகக் கொடிது என்று கண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்து, ஒரு சொல்லும் பேசாதிருந்தனர். அவ்வேழு நாட்களும் அவர்கள் உற்ற நண்பரே. வாய் திறந்து அவர் துன்பத்திற்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கிய பின்னரே துன்பத்தின்மேல் துன்பம் சேர்ப்பாராயினர்.

எனவே, கேட்பார் விலக்க வேண்டியன சில உள. ‘இதற்கா இவ்வளவு?’ எனத் துன்பத்தைச் சிறுமைப்படுத்தலாகாது. ‘என் கதை கேள்’ எனத் தன் துன்பத்தைப் புகுத்தலாகாது. கேட்டு முடியுமுன் வேத வசனத்தை மருந்துச் சீட்டுப்போல் எழுதி நீட்டலும் ஆகாது. ஜெபிக்கலாமா எனக் கேட்டு, விரும்பினால் ஜெபித்தல் நன்று. விரும்பாவிடின் உடனிருத்தலே ஜெபம்.

எல்லைகள்

நட்பிற்கும் எல்லையுண்டு. மாணாக்கர் மருத்துவர் அல்லர். உளநல அறிஞரும் அல்லர். அவர் ஆற்றின் நடுவே நிற்கும் தோணி போல்வார். அவர் தொழில் கரைசேர்த்தலேயன்றிக் கரையாகிவிடல் அன்று.

‘யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய், சொல்கிறேன்’ என ஒருவர் கேட்கும்போது, அச்சத்தியத்தைச் செய்தல் கூடாது. ‘உன் செய்தியை வீண்பேச்சாக்க மாட்டேன், உன் உயிர்க்கு இடர் எனத் தோன்றினால் மட்டும், உதவ வல்லாரிடம் உன்னையே அழைத்துச் செல்வேன்’ என முன்னரே கூறுதல் நேர்மை. பதினெட்டு ஆண்டு நிரம்பாதார் எவரேனும் பாலியல் கொடுமைக்கு ஆளானமை தெரியவரின், அதனைக் காவல்துறைக்கு அறிவித்தல் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அறிந்தார் ஒவ்வொருவர்க்கும் கடன். முதலாண்டு மாணாக்கர் பலர் பதினேழு வயதினர் என்பதை மறத்தலாகாது. இத்தகு செய்தியைக் கேட்டவர் தனியே சுமவாது, அன்றே சாப்ளினையும் கல்லூரித் தலைவரையும் அணுகுதல் வேண்டும்.

ஒருவர் உண்பதையும் உறங்குவதையும் விடுத்து, தம் பொருள்களைப் பிறர்க்கு வழங்கி, விடைபெறுவார்போலப் பேசினால், ‘உயிரை விடும் எண்ணம் உண்டா?’ என நேராகவே வினவலாம். அவ்வாறு கேட்டல் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்பது பிழையான அச்சமே. கேட்கப்பெற்றோர் பலர் பாரம் இறங்கினாற்போல் உணர்வர் என்பது இத்துறையறிந்தார் கண்ட உண்மை. உண்டு என விடை வருமாயின், அவரைத் தனியே விடாது, சாப்ளினிடமோ விடுதிக் காப்பாளரிடமோ மருத்துவரிடமோ உடனழைத்துச் செல்லல் வேண்டும். நள்ளிரவாயினும், ‘டெலி மானஸ்’ என்னும் அரசாங்கத் தொலைபேசி உதவியை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய அதில் தமிழிலும் பேசலாம். முயன்று பிழைத்தோரைக் குற்றவாளிபோல் நோக்குதலும் தகாது. அவர் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவரென்றே கருதப்படல் வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின் கொள்கை.

உதவுவார் தம்மையும் காத்தல் வேண்டும். மார்ட்டின் தம் ஆடையில் பாதியையே ஈந்தார். முழுதும் ஈந்திருப்பின் குளிரில் விறைப்பார் இருவராயிருப்பர். பிறர் துயரை நாள்தோறும் கேட்கும் மாணாக்கர், வாரந்தோறும் சாப்ளினோடு அமர்ந்து, பெயர்களை வெளியிடாது, தம் பாரத்தைப் பகிர்ந்து கொள்ளுதல் நலம் பயக்கும்.

தடைகளும் விடைகளும்

‘நம் கல்லூரியில் பல சமயத்தாரும் பயில்கின்றனர், இவ்வூழியம் மதமாற்றத்திற்குக் கருவியாகாதோ?’ எனச் சிலர் வினவுவர். தக்க வினாவே. துயருற்ற நேரத்தில் ஒருவர் உள்ளம் கதவின்றிக் கிடக்கும்; அப்போது உள்ளே புகுந்து தன் கருத்தை நிறுவ முயல்வது அன்பன்று. நல்ல சமாரியன் உவமையில், காயமுற்றவனைச் சத்திரத்தில் சேர்த்துச் செலவுக்கும் பணம் கொடுத்தவன், அவனுடைய சமயத்தைக் கேட்டதாக ஒரு சொல்லும் இல்லை. அந்நெறியே நமக்கும் நெறி.

‘இஃது ஒரு சிலர்க்குச் சட்டாம்பிள்ளைத்தனத்தைத் தந்துவிடும்’ என்பார் வேறு சிலர். இவ்வச்சமும் பொய்யன்று. திண்ணைப் பள்ளியில் கற்பித்த சட்டாம்பிள்ளையே பிரம்பும் எடுத்தான். அதனால் அவன் பெயரே அதிகாரச் செருக்குக்குப் பெயராயிற்று. ஆதலின் துணையாவார்க்குத் தண்டிக்கும் உரிமையோ, பிறர் குற்றங்களை மேலிடத்திற்கு அறிவிக்கும் வேலையோ ஒருபோதும் தருதலாகாது. ஒற்றனென்று ஐயுறப்பட்டவனிடம் யார்தாம் மனந்திறப்பர்?

‘படிப்புக்கே நேரமில்லை’ என்பது மூன்றாவது தடை. வாரத்தில் இரண்டு மணி நேரம் என்பது கைப்பேசித் திரையில் நாம் இரண்டு நாளில் கழிப்பதினும் குறைவு. இதற்கு இவ்விடையே போதும்.

முடிவுரை

100 மாணாக்கர்க்குக் குறையாத கல்வி நிலையங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்துதல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு ஜூலையில் நெறிவகுத்தது. நன்றே. ஆயினும் ஆலோசகர் அறைக்கதவு மாலையில் அடைபடும். விடுதி அறைக்கதவோ இரவிலும் திறந்திருக்கும். அவ்வறைக்கும் இவ்வறைக்கும் இடையே உள்ள வழியில் கைப்பிடித்து நடத்துவார் வேண்டும். அவர் மாணாக்கராகவே இருத்தல் கூடும்.

இது குறித்து ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணாக்க நண்பர்கட்கும் யான் வைக்கும் வேண்டுகோள் மூன்று. விடுதியின் ஒவ்வொரு தளத்திற்கும், விடுதியில் தங்காது நாள்தோறும் வந்து செல்லும் மாணாக்கர்க்கும், மாணாக்கியர்க்கும் இவ்விருவர், தாமே விரும்பி வருவோர், எச்சமயத்தாராயினும், துணைவராக அமைக. அவர்கட்குச் சாப்ளினும் உளநல அறிஞரும் கூடிக் கேட்கும் முறையையும் எல்லைகளையும் ஆண்டுத் தொடக்கத்தில் கற்பிக்க. 14416 என்னும் எண் ஒவ்வொரு தளத்திலும் விளக்கின் கீழே எழுதப்படுக. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வரும் கல்வியாண்டின் முதல் வாரத்தில், உணவு விடுதியில் தனித்து அமர்ந்திருக்கும் ஒருவரருகே தட்டோடு சென்று அமர்தற்கோ ஒரு குழு வேண்டியதும் இல்லை. அதனை இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் அன்றே தொடங்கலாம்.